22 துண்டுகள், 144 எழுத்துகள்: குறியீட்டுப் படங்கள் வழியே வடிவமைப்புக் கற்பித்தல்

தமிழில் உயிர்மெய் எழுத்துகள் 216. அவற்றில் அகர வரிசையையும் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ வரிசைகளையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். எட்டு வரிசைகள், வரிசைக்குப் பதினெட்டு, ஆக 144 எழுத்துகள். இன்றைய வடிவில் இவற்றை அச்சுக்கோக்க 144 அச்சுகள் தேவையில்லை. க முதல் ன வரை பதினெட்டு வடிவங்கள். அரவு (ா), ஒற்றைக் கொம்பு (ெ), இரட்டைக் கொம்பு (ே), ஐகாரக் கொம்பு (ை) என்று இன்னும் நான்கு. ஔகாரத்தின் பின்பகுதிக்கு ளகர அச்சே போதும். இருபத்திரண்டு துண்டுகளில் 144 எழுத்துகளும் முடிந்துவிடுகின்றன.

எஞ்சியவை இ, ஈ, உ, ஊ வரிசைகளின் 72 எழுத்துகள். இகரமும் ஈகாரமும் பெரும்பாலும் ஒழுங்காகத் தலைமேல் வளைவை ஏற்றுக்கொள்கின்றன. டி, டீ இரண்டும் மட்டும் வேறு வழியில் போகின்றன. உகர ஊகாரங்கள் அப்படி எளிதில் வசப்படுவதில்லை. கு, சு, து மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே ஒலிக்கு மூன்று வேறு கீற்றுகள்.

சிறு துண்டுகளை இணைத்துப் பெரியதைக் கட்டும் கூறுமுறை வடிவமைப்பு, மொடியூலர் டிசைன் என்று சொல்லப்படுவதன் பலமும் அதன் எல்லையும் இந்த ஒரே அட்டவணையில் அடங்கியிருக்கின்றன. தமிழ்ப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே இதை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் வடிவமைப்பு வகுப்பில் இதை யாரும் அவர்களுக்கு எடுத்துக்காட்டுவதில்லை. கொழும்பில் நான் கற்பிக்கும் இடங்களில் குறியீடுகளால் படம் அமைக்கும் பயிற்சியைத் தொடர்ந்து கொடுத்து வருகிறேன். கூறுமுறையை இதைவிட நேரடியாகப் புரியவைக்கும் இன்னொரு பயிற்சி எனக்குத் தெரியாது. அதன் பின்புலத்தையும், அதைத் தமிழ் எழுத்துகளைக் கொண்டே செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கான காரணங்களையும் இங்கே விளக்குகிறேன்.

பயிற்சிக்குச் சதுரக்கோட்டுக் கொப்பியின் ஒரு பக்கம் போதும். ஒரு கட்டத்துக்கு ஒரு குறியீடு. புள்ளி, சிறுகோடு, சாய்கோடு, கூட்டல் அடையாளம், நட்சத்திரக் குறி என்று ஒரு சிறிய தொகுதியை ஆசிரியர் கொடுத்துவிடுவார். கோடு இழுக்கக் கூடாது. குறியீட்டைப் பெரிதாக்கவோ பாதியாக வெட்டவோ கூடாது. அந்தத் தொகுதியை மட்டும் வைத்து ஒரு மீன், ஒரு முகம் அல்லது ஒரு கட்டடத்தை உருவாக்க வேண்டும்.

சித்திரப் பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் முதலில் திணறுவார்கள். மனத்தில் இருக்கும் வளைவு கையிலிருக்கும் துண்டுகளில் இல்லை. கொஞ்ச நேரம் குறியீட்டையே முறைத்துப் பார்ப்பார்கள். பிறகு ஒரு மாற்றம் நடக்கிறது: கண் குறியீட்டை விட்டு, ஒரு குறியீடும் பக்கத்துக் குறியீடும் தொட்டுக்கொள்ளும் விளிம்புக்குப் போகிறது. சாய்கோட்டுக்கு அருகே புள்ளி வந்தால் கோடு மங்கி முடிகிறது, சிறுகோடு வந்தால் வளைவதுபோல் தோன்றுகிறது. நான் காத்திருப்பது இந்த மாற்றத்துக்காகத்தான்.

கூறுமுறை என்றால் பெரிய பொருளைத் துண்டுகளாக்குவது என்றே பலரும் விளங்கிக்கொள்கிறார்கள். துண்டாக்குவது எவருக்கும் முடியும். ஒரு துண்டு தன் அயல் துண்டுக்கு எதை உறுதியளிக்கிறது என்று தீர்மானிப்பதில்தான் வடிவமைப்பாளரின் வேலை இருக்கிறது. கொட்டாஞ்சேனையில் உயரமான ஒரு மாடியில் நின்றால் இதற்கு உலகளவிலான உதாரணமே கண்ணுக்குத் தெரியும்: துறைமுகத்தின் கொள்கலன்கள். 1956இல் மால்கம் மக்லீன் என்ற அமெரிக்கர் 58 பெட்டிகளை ஒரு கப்பலில் ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். கொள்கலன் போக்குவரத்தின் தொடக்கமாக அந்தப் பயணத்தைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரும்புப் பெட்டி செய்வதில் பெரிய புதுமை எதுவும் இல்லை. பெட்டியின் எட்டு மூலைகளிலும் உள்ள வார்ப்புத் துண்டுகளின் அளவையும் துளைகளையும் எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்ட பிறகுதான் இம்முறை உலகை மாற்றியது. உள்ளே தேயிலை இருக்கிறதா, தைத்த ஆடை இருக்கிறதா, மோட்டார் உதிரிப்பாகம் இருக்கிறதா என்று பாரந்தூக்கிக்குத் தெரிய வேண்டியதில்லை. மூலை சரியாக இருந்தால் போதும். 2018இல் கொழும்புத் துறைமுகம் இருபதடிப் பெட்டிக் கணக்கில் 70 இலட்சத்துக்கு மேல் கையாண்டது. வகுப்புப் பிள்ளைகளில் சிலருடைய தந்தையர் அங்கே வேலை செய்கிறார்கள். மூலை என்றதும் அந்தப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

விளிம்பைப் பற்றி முதலில் ஆழமாக யோசித்தவர்களில் ஒருவர் செபஸ்தியன் த்ருஷே என்ற பிரெஞ்சுத் துறவி. 1657இல் லியோனில் பிறந்தவர், நீர்ப்பொறியியலிலும் வல்லவர். பிரெஞ்சு அரச அச்சகத்துக்காகக் கட்டங்களின் மீது எழுத்து வடிவங்களைத் திட்டமிட்ட குழுவிலும் இருந்தார். ஓர்லியன்ஸ் நகருக்கு அருகே ஒரு மாளிகைக் கோயிலின் தரைக்கென்று வைத்திருந்த ஓடுகளை அவர் கண்டார். மூலைக்கு மூலை பிரித்து இரு நிறம் பூசிய சதுர ஓடுகள் அவை. ஒரே ஓட்டைத் திருப்பித் திருப்பி வைத்து எத்தனை கோலங்கள் கிடைக்கும் என்று கணக்கிட்டு 1704இல் ஓர் ஆய்வுரை எழுதினார். தரையோடு, எழுத்து வடிவம் என்று இரண்டையும் ஒரே மனிதர் ஆராய்ந்தது எனக்குத் தற்செயலாகத் தோன்றவில்லை. இரண்டிலும் கட்டம் ஒன்றுதான்.

அவருடைய ஓடு இன்று எந்தக் கைபேசியிலும் குறியீடாகவே கிடைக்கிறது. நான்கு திசைகளையும் எடுத்து இப்படி அடுக்கலாம்:

◢◣◢◣
◥◤◥◤

இரண்டு நிரம்பிய சாய்சதுரங்கள் தோன்றுகின்றன. இனி மேல்வரிசையும் கீழ்வரிசையும் இடம் மாறட்டும்:

◥◤◥◤
◢◣◢◣

நிரம்பிய சாய்சதுரங்கள் போய், நடுவே வெற்றுச் சாய்சதுரம் ஒன்று பிறக்கிறது. துண்டு எதுவும் மாறவில்லை. மேலும் நான்கே கட்டங்கள் கொண்ட சதுரத்தில் ஒரு கட்டத்துக்கு நான்கு திசை என்றால் 256 அடுக்குகள் சாத்தியம். ஒன்பது கட்டங்களுக்குப் போனால் 262,144. இந்தக் கணக்கைப் பிள்ளைகளே பெருக்கிக் கண்டுபிடிக்க விட வேண்டும். ஆசிரியர் முந்திச் சொல்லிவிடக் கூடாது. அதன் பின், இரண்டு அடுக்குகளையும் பக்கம் முழுவதும் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்கச் சொல்வேன். இரண்டும் ஒரே தரைதான் என்பதும், ஒரு வரிசை தள்ளி வெட்டியதால் வேறு வேறாகத் தெரிந்தன என்பதும் அப்போது வெளிப்படும். கூறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது இயற்கை வகுத்த எல்லை என்று அதுவரை நம்பியிருந்த பிள்ளை, அதைத் தீர்மானித்தது ஒரு கைதான் என்று அந்த இடத்தில் புரிந்துகொள்கிறது.

வரலாற்றில் இத்தகைய படங்கள் பல வழிகளில் வந்திருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் ரொபேர் கிராஞோன் போன்ற எழுத்து வெட்டுநர்கள் சிறு இலை, கொடி வடிவங்களை அச்சுகளாக வார்த்தார்கள். அச்சுக்கோப்பவர் அவற்றை இணைத்து ஓரங்களை அமைத்தார். நம் கோயில் திருவிழாத் துண்டுப் பிரசுரங்களிலும் பழைய கல்யாண அழைப்பிதழ்களிலும் இருக்கும் ஓரப்பூக்கள் அந்த வழியில் வந்தவை. வீட்டில் பழைய அழைப்பிதழ் இருந்தால் எடுத்துவரச் சொல்வது நல்லது. ஓரம் மூலையில் திரும்பும் இடத்தைப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் இரண்டு துண்டுகளின் நடுவே மயிரிழை இடைவெளி தெரியும். 1898இல் ஃபுளோரா ஸ்டேசி என்ற ஆங்கிலேயப் பெண் தட்டச்சுப் பொறியால் ஒரு வண்ணத்துப்பூச்சியை உருவாக்கினார். நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் ஹென்ட்ரிக் வேர்க்மன் என்ற அச்சாளர் 1920களில் தட்டச்சு எழுத்துகளையே ஓவியப் பொருளாக்கினார். 1945 ஏப்ரலில், அந்நகரம் விடுதலை பெறச் சில நாட்களே இருந்தபோது, நாஜிகள் அவரைச் சுட்டுக் கொன்றனர்.

கற்பித்தல் என்று வரும்போது நான் அதிகம் கடன்பட்டிருப்பது அன்னி ஆல்பர்ஸ், யோசெஃப் ஆல்பர்ஸ் தம்பதியருக்கு. ஜேர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் யோசெஃப் ஆல்பர்ஸ் 1920களில் ஓர் எழுத்து வடிவத்தை உருவாக்கினார். சதுரம், கால்வட்டம், முழுவட்டம் என்ற மூன்று உருவங்களிலிருந்தே எல்லா எழுத்துகளும் கட்டப்பட்டன. அன்னி ஆல்பர்ஸ் நெசவாளர். நாஜிகள் பௌஹவுஸை மூடவைத்த 1933ஆம் ஆண்டிலேயே இருவரும் அமெரிக்காவின் வட கரோலினாவில் இருந்த பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார்கள். நெசவு கற்கும் மாணவர்களுக்குத் தட்டச்சுப் பொறியைக் கொடுத்து, எழுத்துகளின் பொருளை மறந்து அவற்றைத் துணியின் மேற்பரப்பாகப் பார்க்கச் சொன்னார் அன்னி. 1965இல் வெளிவந்த அவருடைய நெசவு நூலில் அந்தத் தட்டச்சுப் பயிற்சிகள் படங்களாக இருக்கின்றன. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்கச் சாயமிட்ட பனையோலைப் பெட்டி ஒன்று போதும். குறுக்கே போகும் ஓலை மேலே வருகிறதா கீழே போகிறதா என்ற இரண்டே நிலைகளில் பெட்டியின் சிவப்பும் பச்சையும் கோலமாகின்றன. பேத்தி கொப்பியில் நிரப்பும் கட்டங்களை அம்மம்மா ஓலையில் எப்போதோ நிரப்பிவிட்டார்.

கணினிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் கணினியில் எண் கொடுக்க 1963இல் வகுத்த ஆஸ்கி நியமத்தில் 128 இடங்கள். இன்றும் குறியீட்டுப் படம் செய்பவர்கள் பெரும்பாலும் அதிலுள்ள அச்சிடத்தக்க 95 குறிகளுக்குள்தான் நிற்கிறார்கள். 1966இல் பெல் ஆய்வுகூடத்தில் கென் நோல்டன், லியோன் ஹார்மன் இருவரும் ஒரு புகைப்படத்தைக் கணினியால் துருவி, ஒளி குறைந்த இடங்களில் அடர்ந்த குறியீடுகளையும் ஒளி மிகுந்த இடங்களில் மெல்லிய குறியீடுகளையும் நிரப்பினார்கள். கிட்டத்தில் குறியீடுகள் மட்டும் தெரியும். விலகி நின்றால் படுத்திருக்கும் பெண்ணுருவம் தெரியும். அடுத்த ஆண்டு நியூயோர்க் டைம்ஸ் அதை அச்சிட்டது. ஒரு குறியீடு தன் கட்டத்தில் எவ்வளவு மை நிரப்புகிறது என்பதே அதன் இருள். புள்ளி வெளிச்சம், நட்சத்திரக் குறி நடுத்தரம், வேலிக் குறி (#) இருட்டு. புகைப்படத்தைக் கொடுத்தால் நொடியில் குறியீட்டுப் படமாக்கித் தரும் செயலிகள் இப்போது ஏராளம். அவற்றை வகுப்பில் நான் அனுமதிப்பதில்லை. அங்கே தெரிவு செய்வது செயலி. பிள்ளை பார்வையாளர் மட்டுமே.

மென்பொருள் உலகில் கூறுமுறைக்கு அடிப்படையான கட்டுரையை டேவிட் பார்னஸ் 1972இல் எழுதினார். ஒரு நிரலை வேலையின் படிகளுக்கு ஏற்பப் பிரிக்காதீர்கள், பின்னால் மாறக்கூடிய ஒவ்வொரு தீர்மானத்தையும் ஒரு கூறுக்குள் மறைத்து வையுங்கள் என்பது அதன் சாரம். சொன்னால் பெரியவர்களுக்கே உடனே விளங்காத கருத்து இது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு விளங்கவைக்க நான் படத்தை இரண்டு தாள்களில் கேட்கிறேன். ஒன்று வரைபடம்: ஒவ்வொரு கட்டத்திலும் 0 முதல் 4 வரை ஓர் எண் மட்டும், 0 வெறுமை, 4 அதிக இருட்டு. மற்றது அட்டவணை: எந்த எண்ணுக்கு எந்தக் குறியீடு என்று. பிறகு அட்டவணைகளை வகுப்பில் மாற்றிக்கொள்வார்கள். கவியின் வரைபடத்தை நிரோஷனின் அட்டவணையால் நிரப்ப வேண்டும். படம் நின்றால் வரைபடம் சரி. உடைந்தால், இருளை மட்டும் நம்பாமல் ஏதோ ஒரு குறியீட்டின் உருவத்தையும் இரகசியமாக நம்பியிருக்கிறார்கள் என்று பொருள். சாய்கோட்டின் சரிவை மீனின் வாலுக்குப் பயன்படுத்திவிட்டு, அட்டவணையில் அதை வெறும் ‘2’ என்று எழுதியிருப்பார்கள். அந்த மறைவான சார்பைக் கண்டுபிடித்து, சரிவுக்கென்று தனி எண் கொடுத்து, மறுபடி மாற்றிப் பார்ப்பார்கள். மதிப்பெண் இடும்போது படத்தின் அழகுக்கு நான் குறைவாகவும், இந்த மாற்றத்தைத் தாங்குவதற்கு அதிகமாகவும் கொடுக்கிறேன். பெற்றோர் சிலருக்கு இது பிடிப்பதில்லை. இருந்தும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அட்டவணையும் வரைபடமும் ஒட்டிப்போனால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்களின் கணினி வரலாறே சாட்சி. இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்த எவருக்கும் பாமினி எழுத்துரு தெரியும். அதில் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்கள் குடியிருத்தப்பட்டன. எழுத்துரு கணினியில் இருக்கும்வரை தமிழ். அது இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல். வடிவம் மட்டுமே சேமிக்கப்பட்டது, எழுத்து எது என்ற தகவல் சேமிக்கப்படவில்லை. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவாக 1991இல் வெளிவந்த யூனிகோட் நியமம் இரண்டையும் பிரித்தது. ‘கோ’ என்பதைக் கணினி ககரம், அதன் பின் ஓகாரக் குறி என்று ஒலி வரிசையில் வைத்துக்கொள்கிறது. இரட்டைக் கொம்பை முன்னாலும் அரவைப் பின்னாலும் நிறுத்துவது எழுத்துருவின் பொறுப்பு. ஓகாரக் குறி, இரட்டைக் கொம்பும் அரவும் சேர்ந்ததற்குச் சமம் என்றும் அந்த நியமம் வெளிப்படையாகச் சொல்கிறது. அச்சுக்கோப்பவரின் இருபத்திரண்டு துண்டுகள் அங்கே மறுபடி தலைகாட்டுகின்றன.

இந்தப் பிரிவினை தெரியாத மென்பொருளில் தமிழை ஒட்டினால் கொம்பு இடம் மாறிப்போகும். கொழும்பு என்ற ஊர்ப்பெயரே கொம்பில் தொடங்குவதால், நகரின் பெயர்ப் பலகைகளில் அது ககரத்துக்குப் பின்னால் தொங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அதை மொழி அறியாமை என்று மட்டும் சொல்லித் திட்டிவிட்டுப் போகிறோம். பலகையை வடிவமைத்தவருக்குத் தமிழின் இணைப்பு விதி எவராலும் கற்பிக்கப்படவில்லை. ஒரு மும்மொழி நாட்டின் வணிகத் தலைநகரில் வடிவமைப்புப் படிக்கிறவர் தமிழ் எழுத்தை ஒரு படத்துண்டாக மட்டும் கையாண்டால், அந்தக் குறை பாடத்திட்டத்தின் குறை. எனக்கு இது வெறும் தொழில்நுட்பப் பிசகு இல்லை. தன் மொழியை உடைந்த நிலையில் பொது இடத்தில் வாசிக்கும் பிள்ளை, அந்த உடைவே இயல்பு என்று எடுத்துக்கொண்டுவிடும்.

இங்கே ஒரு யாழ்ப்பாணத்தவரை நினைவுகூர வேண்டும். 1886இல் சுண்டிக்குளியில் பிறந்த ஆர். முத்தையா, வேலைக்காக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர். 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவர் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்துகளை நாற்பத்துச் சொச்ச விசைகளில் அடக்குவதுதான் சிக்கல். எதைத் தனித் துண்டாக விடலாம், எதைச் சேர்த்தே வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக அவர் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும். அவர் கண்ட தீர்வின் உயிர்நாடி நகரா விசை. அதை அழுத்தினால் குறி தாளில் பதியும், உருளை மட்டும் நகராது. அடுத்த எழுத்து அதே இடத்தில் விழுந்து இரண்டும் ஒன்றாகும். இரு துண்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது ஒருவகை இணைப்பு. ஒன்றின் மேல் ஒன்று அமர்வது இன்னொரு வகை. அந்த இரண்டாவது வகையை இயந்திரத்துக்குள் கொண்டுவந்தார் என்பதில்தான் முத்தையாவின் மேதைமையை நான் காண்கிறேன். வடிவமைப்பு வகுப்புகளில் ஆல்பர்ஸுக்கு ஒரு பாடவேளை ஒதுக்கினால் முத்தையாவுக்கும் ஒன்று ஒதுக்குவது நியாயம்.

எனவே பயிற்சியின் அடுத்த கட்டத்தில் ஆங்கிலக் குறிகளை எடுத்துவிட்டுத் தமிழ் எழுத்துகளை மட்டும் கொடுக்கிறேன். உடனே ஒரு தடை வரும். தட்டச்சுப் படங்களுக்கு எல்லா எழுத்தும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். தமிழில் ர ஒடுக்கம், ண அகலம், ஔ அதைவிட அகலம். கணினியில் இது கட்டங்களைக் குலைத்துவிடும். கொப்பியில் குலைக்காது, கையெழுத்தை எந்தக் கட்டத்துக்குள்ளும் அடக்கலாம். அதனால் பயிற்சியின் இந்தப் படியைத் தாளில்தான் செய்கிறோம். புறக்கோட்டை மாலிபன் வீதிக் கடைகளில் பெரிய கட்டத் தாள் கிடைக்கும். தாளின் அருமையை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2022 நெருக்கடியில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளே தள்ளிப்போன காலத்தைப் பார்த்தவர்கள்.

தமிழ் எழுத்துகளை இருளின்படி அடுக்குவது இன்பமான வேலை. ஃ மூன்று புள்ளிகள் மட்டுமே, மிக வெளிச்சம். ட, ப திறந்த கோணங்கள். ட-வைச் சாய்வாக அடுக்கினால் படிக்கட்டு, ப-வை வரிசையாக வைத்தால் கோட்டை மதிலின் பற்கள். க, த நடுத்தரம். ண, ஞ, ஐ அடர்ந்த இருட்டு. இவற்றோடு பழைய கணக்கேடுகளில் நாள், மாதம், ஆண்டு, பற்று, வரவு ஆகியவற்றுக்கு எழுதிய ௳, ௴, ௵, ௶, ௷ குறிகளும் யூனிகோட்டில் இருக்கின்றன. தாத்தாவின் கடைக் கணக்கில் இருந்த குறி தன் படத்தில் மேகமாகிறது என்று அறியும்போது பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பாடுபொருளாகப் புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவின் ஜாமிஉல் அல்ஃபார் பள்ளிவாசலைக் கொடுப்பேன். ஊரார் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றும் சிவப்புப் பள்ளி என்றும் சொல்லும் கட்டடம். 1909இல் கட்டி முடிக்கப்பட்டது. சிவப்பு வெள்ளைப் பட்டைகள், சாய்வரிகள், சதுரங்கள், சுழல்கள் என்று சுவர் முழுவதும் இரண்டே நிறங்களின் அடுக்குதான். கட்டடமே ஏற்கெனவே கூறுகளாக இருப்பதால், பிள்ளை அதைப் பிரதியெடுப்பதைவிட அதன் விதியைக் கண்டுபிடிப்பதே பயிற்சியாகிறது. எந்தப் பட்டை எத்தனை வரிக்கு ஒருமுறை திரும்புகிறது, வளைவின் மேல் வரும்போது பட்டைக்கு என்ன நேர்கிறது என்று தெருவோரத்தில் நின்று குறித்துக்கொள்வார்கள். தள்ளுவண்டிக்கார ஐயாமார் ஒதுங்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

எழுத்தால் உருவம் அமைப்பது நமக்குப் புதிதும் அன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லணியில் சித்திரகவி வகைகளை இலக்கணமாகவே வகுத்திருக்கிறது. சக்கர பந்தத்தில் எழுத்துகள் ஆரக்கால்களில் அமர்கின்றன. நாக பந்தத்தில் பின்னிக்கிடக்கும் பாம்புகளின் உடலில் பாட்டு ஓடுகிறது. உடல்கள் குறுக்கிடும் இடத்தில் உள்ள எழுத்து இரண்டு அடிகளுக்கும் பொதுவாக இருந்தாக வேண்டும். புலவர் அந்தச் சந்திப்பு எழுத்துகளை முதலில் தீர்மானிக்காமல் பாட்டைத் தொடங்க முடியாது. சித்திரகவியை வெறும் சொல் விளையாட்டு என்று ஒதுக்கும் விமரிசனத்தை நான் படித்திருக்கிறேன். கவிதையின் சுவை என்ற அளவுகோலில் அது சரியாகவும் இருக்கலாம். வடிவமைப்பின் அளவுகோலில், இரு திசைகளின் கோரிக்கையையும் ஒரே துண்டு நிறைவேற்ற வேண்டும் என்ற நிபந்தனையை இவ்வளவு கடுமையாக வைத்த மரபுகள் மிகச் சில.

மூத்த மாணவர்களுக்கு இறுதியில் உகர வரிசையைக் கொடுக்கிறேன். ஆல்பர்ஸைப் போலச் சதுரம், கால்வட்டம், முழுவட்டம் மூன்றிலிருந்து பதினெட்டு உகர எழுத்துகளையும் கட்ட வேண்டும். ஒழுங்கே இல்லாதவை என்று தொடங்கும்போது நினைப்பார்கள். கட்டக் கட்ட மூன்று குடும்பங்கள் பிரிந்து வரும். கு, டு, மு, ரு, ழு, ளு ஆறிலும் கீற்று வட்டமாகச் சுழல்கிறது. ஙு, சு, பு, யு, வு ஐந்திலும் நேராகக் கீழிறங்குகிறது. ஞு, ணு, து, நு, லு, று, னு ஏழிலும் கீழே வளைந்து மேலே திரும்புகிறது. ஆக, பதினெட்டு விதிவிலக்குகள் என்று தோன்றியவை மூன்று விதிகளாகச் சுருங்குகின்றன. ஊகாரத்துக்குப் போனால் குடும்பங்கள் மேலும் பிரிகின்றன. கூ எந்தக் குடும்பத்திலும் சேராமல் தனியாக நிற்கிறது. அதையும் ஒழுங்குபடுத்திப் புது வடிவம் கொடுத்துவிடலாமே என்று ஒவ்வொரு ஆண்டும் ஒருவராவது கேட்பார். தமிழ்நாட்டு அரசு 1978இல் ணா, றா, லை, னை போன்ற 13 எழுத்துகளை அப்படி ஒழுங்குபடுத்தியதையும், உகர ஊகாரங்களையும் மாற்றும் யோசனைகள் நிலைக்காமல் போனதையும் அப்போது சொல்கிறேன். பழைய றா, னை இருக்கும் வீட்டுப் புத்தகம் ஒன்றைப் பேரப்பிள்ளை வாசிக்க முயன்று தடுமாறுவதைக் காட்டி, ஒரு துண்டை மாற்றினால் அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்றும் கேட்கிறேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும். நான் தீர்ப்புச் சொல்வதில்லை, ஆனால் என் சாய்வு கூ-வின் பக்கம்.

கொழும்பின் பல பாடசாலைகளில் தமிழ்மொழி வகுப்பும் சிங்களமொழி வகுப்பும் ஒரே வளாகத்தில் தனித்தனியாக நடக்கின்றன. அங்கே செய்யத்தக்க பயிற்சி ஒன்று உண்டு. எண்கள் மட்டும் உள்ள வரைபடத்தைத் தமிழ் வகுப்பு சிங்கள வகுப்புக்கு அனுப்பட்டும். அவர்கள் தங்கள் எழுத்துகளால் அட்டவணை செய்து நிரப்பட்டும். அவர்களுடைய வரைபடம் இங்கே வரட்டும். சிங்கள எழுத்துகள் பெரும்பாலும் உருண்டவை என்பதால் ட, ப தரும் நேர்கோண வெளிச்சத்துக்கு அவர்கள் வேறு வழி தேட வேண்டும். அவர்களுடைய வட்டங்களின் மென்மைக்கு நாம் வழி தேட வேண்டும். வரைபடத்தில் சாய்வுக்கு எத்தனை எண், வளைவுக்கு எத்தனை எண் என்று இரு வகுப்புகளும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்த பிறகுதான் முதல் தாளை அனுப்ப முடியும். அந்தப் பேச்சுக்கு ஒரு முழுப் பாடவேளையை ஆசிரியர்கள் ஒதுக்கிவைக்க வேண்டும்.